மெதேனை ஆர் செய்து பாத்தது?

"ரீச்சர், இதை ஆர் செய்து பாத்தது?"

ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு வைகாசி. மின்விசிறி சுற்றியும் வியர்வை அடங்காத மேல்மாடி வகுப்பு. கரும்பலகையில் நான் எழுதியிருந்தது உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எல்லாரும் ஒருதரமாவது செய்த கணக்கு. காபனீரொட்சைட்டின் நியமத் தோன்றல் வெப்பவுள்ளுறை −393.5, திரவ நீருக்கு −285.8, மெதேனுக்கு −74.8, எல்லாம் மூலுக்குக் கிலோயூலில். மெதேனின் தகன வெப்பவுள்ளுறையை, அதாவது ஒரு மூல் மெதேன் எரியும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தைக் காண்க. விளைவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து தாக்கிகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் −890.3 வரும். மூன்றாம் வரிசையில் யன்னலோரம் இருந்த பிள்ளை மற்றவர்கள் தரவை எழுதி முடிக்க முன்பே விடையைக் கண்டுவிட்டாள். கண்ட பிறகுதான் கேட்டாள். "காரீயத்தையும் ஐதரசனையும் ஒண்டா வைச்சால் மெதேன் வராதெல்லோ ரீச்சர். அப்ப இந்த எழுபத்திநாலு தசம் எட்டை ஆர் அளந்தது?" காரீயம் என்று அவள் சொன்னது பென்சிலுக்குள் இருக்கிற காபனை.

நான் சொன்னது இதுதான்: "அது தரவு, பிள்ளை. தந்ததை வைச்சுக் கணக்கைச் செய்." மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. இன்னும் இரண்டு கணக்கு மிச்சம் இருந்தது. பல்தேர்வுப் பத்திரத்தில் 2 மணித்தியாலத்துக்கு 50 வினா, ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி அந்த அவசரம் என் நாக்கிலேயே ஏறியிருந்தது. அவள் தலையைக் குனிந்து அடுத்த கணக்கைச் செய்தாள். அதுவும் சரி. பரீட்சை வரைக்கும் என்னிடம் அவள் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. நல்ல பெறுபேறு எடுத்துப் போனாள். பெறுபேற்றுத் தாளில் அவளுடைய சுட்டிலக்கத்தைத் தேடிப் பிடித்தபோதும் எனக்கு அந்தக் கேள்விதான் முன்னுக்கு வந்து நின்றது.

நியாயமான கேள்வி. நியமத் தோன்றல் வெப்பவுள்ளுறை என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்லுவார்கள்: நியம நிலையில் உள்ள மூலகங்களிலிருந்து, நியம நிலையில் உள்ள ஒரு மூல் சேர்வை உண்டாகும்போது ஏற்படும் வெப்பவுள்ளுறை மாற்றம். சரி, அந்தத் தாக்கத்தைச் செய்து பாருங்கள். ஒரு குடுவையில் 12 கிராம் காரீயத் தூளையும் இரண்டு மூல் ஐதரசன் வாயுவையும் போட்டு அறை வெப்பநிலையில் எத்தனை வருடம் வைத்தாலும் ஒன்றும் நடக்காது. சூடேற்றி, ஊக்கி போட்டு, அமுக்கம் கொடுத்தாலும் வெப்பம் அளக்கிற கலோரிமானிக்குள் வைத்து அளக்கிற மாதிரித் துப்புரவாக, விரைவாக, முழுமையாக அது நடவாது. மெதேன் மட்டுமல்ல. எதனோல், குளுக்கோசு, கல்சியம் காபனேற்று என்று அட்டவணையில் உள்ள பெரும்பாலான சேர்வைகளுக்கு இதே கதைதான். வரைவிலக்கணம் சொல்லுகிற தாக்கத்தை ஒருவரும் நேரே நடத்தி அளந்ததில்லை. ஆனால் அதன் பெறுமானம் மட்டும் ஒரு தசமதானத்துக்குத் திருத்தமாகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகி இருக்கிறது.

எனக்கும் இது படிக்கிற காலத்தில் உறைக்கவில்லை. நான் உயர்தரம் படித்தது 1990களின் முற்பகுதியில். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, திரியை எவ்வளவு சிறுக்கலாமோ அவ்வளவு சிறுக்கி, அந்தச் சுடரின் வெளிச்சத்தில் தகன வெப்பக் கணக்குச் செய்தோம். முன்னால் எரிந்துகொண்டிருந்த எண்ணெயையும் கொப்பியில் இருந்த எண்ணையும் தொடுத்துப் பார்க்க ஒருவரும் சொல்லித் தரவில்லை. கிடுகுக் கொட்டிலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்து ஒன்றாகச் சொன்ன வாய்ப்பாடுதான் என் கையில் மிஞ்சியது: தோன்றல் தந்தால் விளைவு கழித்தல் தாக்கி, தகனம் தந்தால் தாக்கி கழித்தல் விளைவு. ஏன் ஒன்று மற்றதைத் திருப்பிப் போட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு நானும் படிப்பிக்க வந்து அதே இரண்டு வரியையும் பெட்டி கீறி அதற்குள் எழுதினேன்.

அந்தப் பிள்ளை கேட்ட அன்று இரவு நான் செய்தது, கணக்கைத் திருப்பிப் பார்த்ததுதான். உடனே ஒன்று தெரிந்தது. மெதேனை எரித்து அளக்கலாம். காபனை எரித்து அளக்கலாம். ஐதரசனை எரித்து அளக்கலாம். அப்படியென்றால் உலகத்தில் உண்மையில் அளக்கப்பட்டது −890.3. அதிலிருந்து கணித்து எடுத்ததுதான் −74.8. நாங்களோ −74.8ஐத் தரவு என்று மேலே எழுதிவிட்டு −890.3ஐ விடை என்று கீழே கேட்கிறோம். அளந்ததை விடை ஆக்கி, கணித்ததைத் தரவு ஆக்கிக் கொடுத்திருக்கிறோம். வினா பிழையில்லை, விடையும் பிழையில்லை. ஆனால் எது எதிலிருந்து வந்தது என்ற வரலாறு அதில் தலைகீழாகிவிட்டது. அந்தப் பிள்ளையின் மூக்குக்கு அந்த மணம் எட்டியிருக்கிறது.

இது தெரிந்த பிறகும் அதை வகுப்பில் எப்படிச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. "ஹெஸ்ஸின் விதிப்படி மறைமுகமாகக் கணித்தது" என்று சொல்லலாம். எந்த வழியால் போனாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றே என்கிற விதி அது. ஆனால் அதுவும் இன்னொரு வாய்ப்பாடு. மூன்று தீயை எரித்து, ஒருபோதும் நடக்காத நாலாவது தாக்கத்தின் வெப்பத்தை எப்படிச் சொல்ல முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். அது எனக்கே தெரியவில்லை.

கிணற்றடி

போன வருடம் ஆவணியில் எங்கள் கொக்குவில் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் இருந்த பழைய வேலியை எடுத்து மதில் கட்டுவதாக முடிவாயிற்று. கட்ட முன்பே ஒரு மனக்கசப்பு. ஒவ்வொரு கார்த்திகை மழைக்கும் பக்கத்து வீட்டுக் கோடிக்குள் வெள்ளம் நிற்கும். உங்கள் வளவு உயரம், அங்கிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது, மதிலோடு சேர்த்து வாய்க்கால் விடவேண்டும் என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். இரண்டும் ஒரே மட்டம்தான் என்று அப்பா நின்றார். வேலியடியில் பூவரசும் கிளுவையும் பல வருடமாக வேர்விட்டு மண்ணைத் தூக்கி வைத்திருந்தன. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் உயரம். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் உயரம். மட்டம் பார்க்கிற ரியூபைப் பிடிக்க வேலியை வெட்டவேண்டும். வேலியை வெட்ட வாய்க்கால் கதை முடியவேண்டும்.

மதில் கட்ட வந்த மேசன் எழுபதை நெருங்கியவர். இரண்டு பேர் கதையையும் கேட்டுவிட்டு எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலால் மற்றக் கிணற்றின் கப்பியைப் பார்த்தார். "ஐயா, மேலாலை பாத்துக்கொண்டு நிண்டால் சண்டைதான். கீழை தண்ணி ஒண்டுதானே. தண்ணியிலையிருந்து அளப்பம்" என்றார். இரவு இரண்டு வீட்டிலும் மோட்டர் போடக்கூடாது, வாளியும் விடக்கூடாது, கிணறுகள் சும்மா நிற்கட்டும், விடியக் காலமை வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

காலமை ஆறு மணிக்கு வந்து, அளவுநாடாவின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினார். நான் ரோச் பிடித்தேன். கல் தண்ணீரைத் தொட்டதும் வட்டம் விரிந்தது. கூட வந்த பொடியன் கிணற்றுக்கட்டின் மேல் விளிம்பில் நாடாவைப் பிடித்தான். "கட்டிலை பிடியாதை தம்பி, கட்டு ஆக்கள் கட்டினது. தரையிலை பிடி" என்றார். எங்கள் பக்கம் 17 அடி. வேலியைச் சுற்றி, ஒழுங்கையால் நடந்து, பக்கத்து வளவுக்குப் போனோம். அங்கே 15 அடி 3 அங்குலம். கையில் கிடைத்த புள்ளித்தாளின் பின்பக்கத்தில் நான் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். கழித்தேன். 1 அடி 9 அங்குலம். எங்கள் வளவு உயரம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காலும் அந்தக் கிழமையே வெட்டியாயிற்று.

எனக்கு அந்தக் கழித்தலைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தத் தரைக்கும் அந்தத் தரைக்கும் நடுவே வேலி நின்றது. இந்தத் தரையிலிருந்து நேரே அந்தத் தரைக்கு ஒருவரும் அளக்கவில்லை. இரண்டு இடத்திலும் கீழே இறங்கினோம், அவ்வளவுதான். இறங்கிச் சேர்ந்த இடம் ஒன்று என்பதால் இறங்கிய ஆழங்களின் வித்தியாசமே தரைகளின் வித்தியாசம் ஆயிற்று. காபனும் ஐதரசனும் ஒரு வளவு. மெதேன் பக்கத்து வளவு. நடுவில் தாண்ட முடியாத வேலி. இரண்டையும் எரித்தால் இரண்டும் போய்ச் சேருவது ஒரே தண்ணீருக்கு: ஒரு மூல் காபனீரொட்சைட்டு, இரண்டு மூல் நீர். விதியைச் சொல்லத் தெரிந்தும் அதற்குள் இருந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்தது கிணற்றடியில், ரோச்சை அணைக்க மறந்து நின்ற அந்தக் காலமையில்தான்.

இரண்டு ஆழம், ஒரு கழித்தல்

இலக்கத்தோடு பார்ப்போம். மூலகங்களின் வளவில் ஒரு மூல் காபன் எரிந்தால் 393.5, இரண்டு மூல் ஐதரசன் எரிந்தால் 285.8இன் இருமடங்கு 571.6, ஆகக் கூடி 965.1 கிலோயூல் இறக்கம். மெதேனின் வளவிலிருந்து அதே நீருக்கும் அதே காபனீரொட்சைட்டுக்கும் 890.3 இறக்கம். வித்தியாசம் 74.8. மெதேனின் தரை மூலகங்களின் தரையைவிட 74.8 தாழ்வு, ஆகவே சய (−) அடையாளம். இவ்வளவுதான் அந்தப் பெறுமானம். நானும் அந்தப் பிள்ளையும் மாறி மாறி எழுதிய −74.8 எந்த வெப்பமானியிலும் காட்டப்படாத எண். இரண்டு ஆழங்களின் நடுவே கிடக்கிற எண்.

அப்படியென்றால் "ஆர் செய்து பாத்தது" என்ற கேள்விக்கு ஆள்களின் பெயரோடே பதில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பன்ஹேகனில் யூலியஸ் தொம்சனும் பாரிசில் மார்சலின் பெர்தலோவும் தங்கள் காலத்தின் பெரும் பகுதியை இப்படிப் பொருள்களை எரித்தும் கரைத்தும் வெப்பம் அளப்பதிலேயே செலவழித்தார்கள். 1931இல் அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்தில் ஃபிரெடரிக் ரொசினி ஐதரசனையும் மெதேனையும் சுவாலைக் கலோரிமானியில் எரித்து முன்னிருந்ததைவிட மிகத் திருத்தமான அளவுகளைத் தந்தார். அவர்கள் எவரும் காரீயத்தையும் ஐதரசனையும் சேர்த்து மெதேன் ஆக்கவில்லை. எரித்தார்கள். கழித்தலைத் தாளில் செய்தார்கள்.

கழிக்கலாம் என்ற துணிவைத் தந்தவர் ஜேர்மைன் ஹென்றி ஹெஸ். 1802இல் ஜெனீவாவில் பிறந்து, சின்ன வயதிலேயே ரஷ்யாவுக்குப் போய், மருத்துவம் படித்து, சைபீரியாவின் இர்குட்ஸ்கில் வைத்தியராக இருந்து, பிறகு சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இரசாயனத்துக்கு வந்தவர். சல்பூரிக் அமிலத்தை வெவ்வேறு அளவு நீரால் ஐதாக்கி அந்த வெப்பத்தை அளந்தார். பிறகு அதை அமோனியாவால் நடுநிலையாக்கி அந்த வெப்பத்தையும் அளந்தார். ஐதாக்கும்போது கூட வெப்பம் போனால் நடுநிலையாக்கும்போது அந்த அளவு குறைந்தது. கூட்டுத்தொகை மாறவில்லை. 1840இல் இதை விதியாக வெளியிட்டார். மாயர் சக்திக் காப்பைப் பற்றி எழுதியது 1842இல், ஹெல்ம்ஹோல்ட்சு எழுதியது 1847இல். சக்திக் காப்பு விதியிலிருந்து ஹெஸ்ஸின் விதியை இரண்டு வரியில் வருவிக்கலாம் என்று நாங்கள் இன்று படிப்பிக்கிறோம். அவருக்கு அந்த வசதி இருக்கவில்லை. வெப்பமானியை மட்டும் நம்பிச் சொன்ன மனிதர். பாடத்தில் அவரை ஒரு வரியில் கடந்துபோகக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெப்பவுள்ளுறை என்பது எவ்வளவு நல்ல சொல். சங்கப் பாட்டில் உள்ளுறை என்றால் மேலே குருகும் மீனும் இருக்க, பொருள் கீழே ஒளிந்து கிடப்பது. இங்கேயும் அப்படித்தான். ஒரு பொருளுக்குள் மொத்தம் எவ்வளவு வெப்பவுள்ளுறை இருக்கிறது என்பதை அளக்க முடியாது. மாற்றத்தைத்தான் அளக்கலாம். அதனால்தான் மூலகங்களின் நியம நிலைக்குச் சுழியம் என்று நாங்களாகவே வைத்துக்கொள்கிறோம், உயரத்துக்குக் கடல்மட்டத்தை வைத்தது போல. ஒட்சிசனுக்குள் ஒன்றும் இல்லை என்பதல்ல அதன் கருத்து. "ஒட்சிசனுக்கு ஏன் சுழியம்?" என்று கேட்கிற பிள்ளையிடம் "மூலகம் எண்டால் சுழியம்" என்று சொல்லி விட்டதும் நான்தான்.

மோட்டர் போடாதேங்கோ

மேசன் சொன்ன கட்டுப்பாடு எனக்குப் பிறகு பிறகுதான் முழுதாக விளங்கிற்று. ஒரு கிணற்றை விடியவும் மற்றதை மோட்டர் ஓடிய பிறகும் அளந்திருந்தால் தண்ணீர் ஒன்று என்ற ஆதாரமே போய்விடும். எங்கள் கணக்கில் இதற்கு நேரான இடம் நீரின் நிலை. ஐதரசன் எரிந்து திரவ நீர் வந்தால் −285.8. நீராவி வந்தால் −241.8. மூலுக்கு 44 கிலோயூல் வித்தியாசம். ஒரு பிள்ளை கவனியாமல் மூலகங்களின் பக்கத்துக்கு ஆவியின் பெறுமானத்தையும் மெதேனின் பக்கத்துக்குத் திரவத்தின் பெறுமானத்தையும் எடுத்தால் என்ன வரும்? மூலகங்களின் இறக்கம் 393.5உம் 483.6உம் சேர்ந்து 877.1 ஆகும். மெதேனின் இறக்கம் 890.3. அப்போது மெதேனின் தோன்றல் வெப்பவுள்ளுறை +13.2. அடையாளமே மாறிவிட்டது. அடைப்புக்குறிக்குள் இருக்கிற நிலையைப் பார், நிலையைப் பார் என்று வருடக்கணக்காக நான் கத்தியிருக்கிறேன். அது புள்ளி குறைப்பதற்காகப் பரீட்சகர் வைத்த கண்ணி என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். அது கண்ணி இல்லை. இரண்டு கிணற்றில் ஒன்றின் தண்ணீரை இறக்கிவிட்டு மற்றதோடு ஒப்பிடுவது.

வாய்ப்பாடு இரண்டும் ஏன் ஒன்றையொன்று திருப்பிப் போட்டன என்பதும் இப்போது தெளிவு. தோன்றல் தரவில், எல்லாச் சேர்வையும் புறப்பட்ட இடம் பொது: மூலகங்கள். தகனத் தரவில், எல்லாம் போய்ச் சேருகிற இடம் பொது: காபனீரொட்சைட்டும் நீரும். மேலேயிருந்து அளந்த ஆழங்களைக் கழிக்கிறதற்கும் கீழே வரை அளந்த ஆழங்களைக் கழிக்கிறதற்கும் வரிசை மாறத்தானே வேண்டும். இதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்குப் பெட்டிக்குள் எழுதி வைக்க ஒன்றும் இல்லை. மனப்பாடம் செய்த பிள்ளைக்கோ பரீட்சை மண்டபத்தில் எது எது என்று ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கத்தான் நாங்கள் இன்னும் கூடப் பயிற்சி கொடுக்கிறோம், இன்னும் கூடக் கடந்தகால வினாத்தாள் செய்விக்கிறோம். என்னைக் கேட்டால், ஐம்பது வினாத்தாள் செய்கிற நேரத்தில் ஒரு பாடவேளையை அந்தக் கிணற்றடிக்குக் கொடுக்கலாம்.

வைரமும் காரீயமும் இந்தப் பாடத்தின் மிக அழகான இடம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் நாட்டின் போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கிற அதே காரீயம். வைரத்தை எரித்தால் மூலுக்கு 395.4, காரீயத்தை எரித்தால் 393.5. இரண்டும் போய்ச் சேருவது ஒரே காபனீரொட்சைட்டுக்கு. வித்தியாசம் 1.9 கிலோயூல். காரீயம் வைரத்தைவிட அவ்வளவுதான் தாழ்வு. ஆனால் 395இல் ஒரு வீதம் பிழைத்தால் அது 4 கிலோயூல். விடையின் இருமடங்கு. இரண்டு ஆழக் கிணற்றை அளந்து அரை அங்குல வித்தியாசத்தைப் பிடிக்கிறது போல. அந்த 1.9 சரியாக வருவதற்கு எவ்வளவு நிதானமாக எரித்திருப்பார்கள் என்று யோசித்தால் அட்டவணையின் ஒரு தசமதானத்துக்கு மரியாதை வரும்.

எரியாத சாமானுக்கு?

இந்த வருடம் தொடக்கத்திலேயே வரிசையை மாற்றினேன். −74.8ஐத் தரவாகக் கொடுக்கவில்லை. மூன்று தகனத்தையும் கொடுத்து, கரும்பலகையில் இரண்டு கிணறு கீறி, நடுவில் வேலி வைத்து, மெதேனின் தரையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப எரியாத சாமானுக்கு என்ன செய்யிறது ரீச்சர்?"

மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. அன்றைக்கு வேறு ஒன்றும் படிப்பிக்கவில்லை.

எரியாததற்கு வேறு தண்ணீர் தேடவேண்டும். மகனீசியம் ஒட்சைட்டு எரியாது, அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். மகனீசியத்தைக் காற்றில் எரித்து நேரே அளக்கலாமே என்றால், வெள்ளை வெளிச்சமாகவும் புகையாகவும் சக்தி ஓடிவிடும், கொஞ்சம் நைத்திரைட்டும் கலந்துவிடும். ஆனால் மகனீசியமும் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கரையும், மகனீசியம் ஒட்சைட்டும் கரையும். இரண்டும் இறங்குவது ஒரே கரைசலுக்கு. ஒரு பக்கம் ஐதரசன் வாயு மிஞ்சும், மற்றப் பக்கம் நீர் உண்டாகும். அந்த இடைவெளியை −285.8 நிரப்பும். சுண்ணாம்புக்கும் இப்படி ஒரு வழி உண்டு. கல்சியத்தையும் காபனையும் ஒட்சிசனையும் கலந்து ஒருவரும் சுண்ணக்கல் ஆக்குவதில்லை. நீறாத சுண்ணாம்பு தோன்ற −635.1, காபனீரொட்சைட்டுத் தோன்ற −393.5, அவை இரண்டும் சேர −178.3. கூட்டினால் −1206.9. கடைசித் துண்டை எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் திருப்பி நடத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்பு எரிக்கிறது என்று சொல்லுவோம். சூளையில் எரிவது விறகுதான். கல் அந்த வெப்பத்தை உறிஞ்சுகிறது, ஒரு மூலுக்கு, அதாவது 100 கிராம் கல்லுக்கு, 178 கிலோயூல். பின்வரிசைப் பிள்ளையின் அம்மப்பா சுண்ணாம்புச் சூளையில் நின்றவராம். அவள் அதைச் சொல்லும்போது வகுப்பு திரும்பிப் பார்த்தது.

அடுத்த கிழமை ஆய்வுகூடத்தில் செய்தோம். ரெஜிபோம் கப், 100 மில்லிலீற்றர் ஐதான அமிலம், 0.01 மூல் மகனீசியம் நாடா, அதாவது 0.243 கிராம். வெப்பநிலை 10.5 பாகை ஏறிற்று. பிறகு புதுக் கப்பில், புது அமிலத்தில், 0.01 மூல் மகனீசியம் ஒட்சைட்டு, 0.403 கிராம். 3.5 பாகை. கரைசலின் வெப்பக்கொள்ளளவை நீருடையது போல எடுத்தால் ஒரு பாகைக்கு 418 யூல். மகனீசியத்துக்கு மூலுக்கு −438.9. ஒட்சைட்டுக்கு −146.3. பிள்ளைகள் கரும்பலகையில் தாங்களே எழுதினார்கள்: −438.9, அதோடு −285.8, அதிலிருந்து −146.3ஐக் கழி. −578.4. புத்தகத்தில் −601.6. ஏறத்தாழ 23 கிலோயூல் குறைவு.

முன்னொரு காலத்தில் நான் "வெப்ப இழப்பு" என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பேன். வெப்ப இழப்பும் உண்மைதான். ஆனால் முன்வாங்கில் இருந்த இருவருக்குள் வாக்குவாதம். இரண்டாவது கப்பில் வெப்பமானி 3இலா நின்றது, 3.5இலா? எங்கள் வெப்பமானியில் ஒரு பாகைக்கு ஒரு கோடுதான். அரைப் பாகை கண் மதிப்பு. அந்த அரைப் பாகை எவ்வளவு வரும் என்று கணிக்கச் சொன்னேன். 418இன் அரைவாசி 209 யூல், அதை 0.01ஆல் வகுத்தால் 20.9 கிலோயூல். 3 என்று எடுத்திருந்தால் விடை −599.3. புத்தகத்துக்குக் கிட்ட. "அப்ப மூண்டு எண்டு எழுதுவம்" என்றான் ஒருவன். "மூண்டு எண்டு கண்டனீயோ?" என்று கேட்டாள் சூளைக்காரரின் பேத்தி. அவன் காணவில்லை. 3.5 என்றே விட்டோம்.

போத்தலைப் பார்த்தால் அந்த மகனீசியம் ஒட்சைட்டு எப்போதோ திறந்தது. காற்றிலிருந்து ஈரமும் காபனீரொட்சைட்டும் ஏறியிருக்கும், நிறுத்த 0.403 கிராமும் ஒட்சைட்டு என்று சொல்ல முடியாது. வாற வியாழன் அதைப் புடக்குகையில் போட்டு நன்றாகச் சூடாக்கி, உலர்த்தியில் ஆறவைத்து, திரும்பச் செய்யப்போகிறோம். கப்புக்கு மூடி வெட்டியாயிற்று. 0.2 பாகைக் கோடு போட்ட வெப்பமானி ஒன்று நேற்றுத்தான் யாழ்ப்பாணம் கடையில் வாங்கினேன். அதை யார் வாசிப்பது என்று இப்போதே சண்டை.